பூட்டிய அறையும் ஒற்றை அறையும்

(வாசகர் கேள்வி - பதில்)

போன இதழில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, வங்கதேசத்தில் நான் பார்த்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வரி விலக்கு, ரசீது, நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பிரிவு என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்கள் எல்லோரும் அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த மாதம் பள்ளிக்கூடம்தான். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 26 வருடம் தொண்டு நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்தவள் நான். பாடம் நடத்தத் தெரியாது. பணம் எங்கே போனது என்று தேடத் தெரியும்.

மேடம், நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். எங்கள் சொந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கு 2 லட்சம் கொடுக்க ஆசை. ஸ்மார்ட் கிளாஸ் வைத்துக் கொடுங்கள் என்கிறான் மகன். உங்கள் யோசனை என்ன?
- ஓய்வுபெற்ற தம்பதி, நாமக்கல்

என் கதையை முதலில் கேளுங்கள். என்னோடு கல்லூரியில் படித்த ஒன்பது பேர் சேர்ந்து பணம் போட்டு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஐந்து கணினி வாங்கிக் கொடுத்தோம். விழா, மாலை, போண்டா எல்லாம் நடந்தது. மூன்று வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். அறை பூட்டியிருந்தது. சாவி எடுத்து வரவே கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே ஐந்தும் பூப்போட்ட துணி உறைக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. உறையைத் தூக்கினால், ஒவ்வொரு திரையின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். காய்ந்து உதிர்ந்த பொட்டின் மேல் இன்னொன்று, அதன் மேல் புதிதாக ஒன்று. வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தலைமையாசிரியர் சொன்ன பதிலைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். “அம்மா, இது இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. பையன்கள் கை பட்டு ஒன்று கெட்டுப்போனால் ஆடிட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.” அந்தப் பயத்தை ஊரெல்லாம் விதைத்தது என் இனம்தானே!

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். கென்யாவின் மேற்குக் கோடியில் புசியா என்று ஒரு பகுதி. 1990களில் அங்கே ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் கிராமத்துப் பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் வாங்கிக் கொடுத்தது. இளம் வயதில் கென்யாவிலேயே ஒரு வருடம் ஆசிரியராக இருந்த மைக்கேல் கிரெமர் என்ற பொருளாதார அறிஞரும் கூட்டாளிகளும், புத்தகம் கிடைத்த பள்ளியையும் கிடைக்காத பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் பயன். காரணம் எளியது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அடுத்து, ஆசிரியர் புரட்டிக் காட்டும் பெரிய படத்தாள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் பலன் இல்லை.

அப்புறம் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். பள்ளிக்கு வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது என்று கணக்கு வந்தது. அந்தக் கணக்கிலும் பிழை இருக்கிறது என்று பின்னாளில் அறிஞர்கள் பெரிய சண்டையே போட்டார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கிரெமருக்கு 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரோடும் சேர்த்து நோபல் கிடைத்தது. எனக்குப் பிடித்தது அவர்கள் வேலை செய்த முறை. கொடுத்தோம், கைதட்டினார்கள் என்று வீட்டுக்குப் போய்விடாமல், திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் 2 லட்சத்துக்கு வருகிறேன். ஒரு பொருளும் வாங்காதீர்கள். ஒரு மாதம் அந்தப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் போய், பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். தலைமையாசிரியரிடம் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். என்ன தேவை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அது பெரும்பாலும் திரையாக இருக்காது.

வங்கதேசத்தில் பார்த்த பள்ளியைப் பற்றி நாலே வரியில் முடித்துவிட்டீர்களே. நடத்துவது யார்? உள்ளே என்ன பார்த்தீர்கள்? விவரமாக எழுதுங்கள்.
- கல்லூரி மாணவி, திருவாரூர் (இதே கேள்வி வேறு பல ஊர்களிலிருந்தும்)

நடத்தியது பிராக் என்ற தொண்டு நிறுவனம். தொடங்கியவர் ஃபசலே ஹசன் ஆபேத். லண்டனில் கணக்கியல் படித்தவர், சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர். (எங்கள் ஜாதி, அதாவது கணக்குப் பிள்ளை ஜாதி. அதனால்தான் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.) 1970 நவம்பரில் போலா புயல் அடித்து லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்த வருடம் வங்கதேச விடுதலைப் போர். லண்டனில் இருந்த தன் வீட்டை விற்று, அந்தப் பணத்தோடு 1972இல் சில்ஹெட் பக்கம் சுல்லா என்ற ஊரில், அகதிகளாகப் போய்த் திரும்பியவர்களுக்கு உதவத் தொடங்கினார். பள்ளிக்கூடம் வந்தது 13 வருடம் கழித்துத்தான். பிராக் நடத்திய வகுப்புக்கு வந்த கிராமத்துப் பெண்கள், எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்களே, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார்கள். 1985இல் 22 பள்ளிகளோடு ஆரம்பித்தது. பெருகி 30,000க்கும் மேலே போனது. ஒரே சமயத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள்.

நான் போனது 2006இல். டாக்காவில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, இடையில் ஒரு நாள் மாணிக்கஞ்ச் மாவட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன். எதிரே இருக்கிறது என்றார் கூட வந்தவர். எனக்கு மாட்டுக்கொட்டகை போலத்தான் தெரிந்தது. தகரக் கூரை, மூங்கில் தட்டி, மண் தரை. ஒருவர் வீட்டோடு ஒட்டிய அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கூடம் அளவுதான் இருக்கும். வாசலில் ஜோடி ஜோடியாகச் செருப்பு வரிசையாக, பல்விளக்கப் போகிற பிள்ளைகள் மாதிரி, ஒரே பக்கம் பார்த்து நின்றது. அதில் வார் அறுந்து, ஊக்கு குத்தி ஒட்டவைத்ததுதான் அதிகம்.

உள்ளே பெஞ்சு கிடையாது. சுவரை ஒட்டிப் பாய் விரித்து, லாட வடிவில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலியிடம். அங்கேதான் பாட்டு, ஆட்டம், கணக்கு எல்லாம். மூலையில் ஒரு தகர டிரங்குப் பெட்டி. வருகைப் பதிவேடு, சிலேட்டு, சாக்பீஸ், எண்ணுவதற்குக் குச்சிக் கட்டு என்று அந்தப் பள்ளியின் சொத்து முழுக்க அதற்குள். நான் பழக்கதோஷத்தில் பூட்டு எங்கே என்று தேடினேன். கொக்கி மட்டும் இருந்தது, பூட்டு இல்லை.

டீச்சரை ‘ஆபா’ என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தம். அதே ஊர்ப் பெண். இரண்டு பிள்ளைக்குத் தாய், பத்தாவது வரை படித்தவர். சுமார் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து வேலையில் விட்டிருக்கிறார்கள். அப்புறம் மாதம் ஒரு நாள் எல்லா ஆபாக்களும் கூடி, அடுத்த மாதப் பாடத்தைப் பேசிக்கொள்வார்கள். வகுப்பின் முப்பது பேரும் எட்டு, பத்து வயதில் சேர்ந்தவர்கள். பள்ளிக்கே போகாதவர்கள், போய்ப் பாதியில் நின்றவர்கள். மூன்றில் இரண்டு பங்கு பெண் பிள்ளைகள். அப்படித்தான் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. ஐந்து வருடப் பாடத்தை நாலு வருடத்தில் முடித்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். நாலு வருடமும் அதே பிள்ளைகள், அதே ஆபா. பள்ளி நேரம் பெற்றோரோடு பேசி முடிவு செய்வது. அறுவடைக் காலத்தில் மாறும். வீட்டுப்பாடம் ஏறக்குறைய கிடையாது, ஏனென்றால் வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது.

நான் இருந்தபோதே வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பிராக் மேற்பார்வையாளர். வாரம் ஒன்றிரண்டு தடவை வருவாராம். இன்ஸ்பெக்டர் வந்தால் நம் பள்ளிகளில் ஒரு விறைப்பு வருமே, அது அங்கே இல்லை. மனிதர் உள்ளே வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாலு பிள்ளையின் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு பேர் வரவில்லை, ஏன் என்று ஆபாவைக் கேட்டார். ஒரு பையனுக்குக் காய்ச்சல். இன்னொரு பெண் தாய்மாமன் வீட்டுக்குப் போய் நாலு நாளாயிற்று. “சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போவோம்” என்றார், போனார்கள். நானும் கூடவே போனேன். அந்தப் பெண்ணின் அம்மா அடுப்பில் பருப்பை இறக்காமல், எங்களைப் பார்த்ததும், என்ன கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்த மாதிரி, “நாளைக்கு வந்துவிடுவாள், வந்துவிடுவாள்” என்றாள்.

26 வருடத்தில் எத்தனையோ திட்ட அறிக்கை பார்த்திருக்கிறேன். ‘கண்காணிப்பும் மதிப்பீடும்’ என்று ஒரு தலைப்பு எல்லாவற்றிலும் இருக்கும். அது நேரில் எப்படி இருக்கும் என்று அந்தப் பருப்பு அடுப்புக்கு முன்னால்தான் தெரிந்தது.

நாலு வருடமும் ஒரே டீச்சர் என்கிறீர்கள். அந்த டீச்சர் மோசமாக அமைந்துவிட்டால் முப்பது பிள்ளைகளும் அம்போதானே?
- வாசகர், சிவகாசி

ஆமாம். அந்த முறையின் பெரிய ஆபத்து அதுதான். வாராவாரம் ஆள் வந்து பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆபாக்களின் சம்பளம் மிகக் குறைவு, அரசு ஆசிரியருக்குப் பக்கத்திலேயே வைக்க முடியாது. வெளியே போய் வேலை பார்க்க வீட்டில் விடாத பெண்களுக்கு உள்ளூரில் ஒரு வேலை என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். எனக்கு அந்த நியாயம் முழுதாக ஒப்பவில்லை. சிக்கனம் என்று நாம் மெச்சுவதில் பாதி, யாரோ ஒரு பெண் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொண்டதாகத்தான் இருக்கிறது.

இத்தனை ஆயிரம் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கணக்குப் பார்க்கிறவர் என்பதால் கேட்கிறேன்.
- ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு

பள்ளிக்கான செலவில் பெரும்பகுதி வெளிநாட்டு அரசுகளின் உதவி. ஆனால் ஆபேத் மற்ற வேலைகளுக்குக் கையேந்திக்கொண்டே இருக்கவில்லை. 1978இல் ‘ஆரோங்’ என்ற கடையைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்கள் நெய்கிற பட்டு, நக்ஷி காந்தா என்ற பூவேலைத் தையல் இதையெல்லாம் நகரத்தில் விற்கிற கடை. டாக்காவில் இன்று அது பெரிய பெயர். நீங்கள் போனால் உங்கள் கடைக்கு யோசனை கிடைக்கும். எனக்கு ஒரு புடவை கிடைத்தது. பால் பண்ணை, வங்கி எல்லாம் பின்னால் வந்தன.

பணத்தைவிட எனக்கு வியப்பாக இருந்தது அதைக் கொடுத்த விதம். பள்ளிக்கு முன்பே, 1980இல், வயிற்றுப்போக்கில் சாகிற குழந்தைகளுக்காக ஒரு வேலை தொடங்கினார்கள். மூன்று விரல் உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். இந்தக் கரைசலை வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 10 வருடத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கினார்கள். சொல்லிக் கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம் எப்படி தெரியுமா? எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பதற்கு இல்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளை மட்டும் பொறுக்கிக் கேட்பார். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதை வைத்துத்தான் பணம். இப்படி ஒரு சம்பளப் பட்டியலை என் வாழ்நாளில் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. உங்கள் பேச்சு எங்கே போகிறது என்று தெரிகிறது. எங்களைக் கண்காணித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்களா?
- ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

கோபப்படாதீர்கள் டீச்சர், பாதி நீங்கள் சொல்வதுதான் சரி. கண்காணிப்பால் ஆனதும் உண்டு. ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம், அரசுப் பள்ளி எட்டாத குக்கிராமங்களில் ஓராசிரியர் மையங்கள் நடத்தியது. டீச்சர் வராத நாள் பாதிக்குப் பக்கம். 2003இல் சில மையங்களுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்தார்கள். தேதியும் நேரமும் பதிவாகும், மாற்ற முடியாது. காலையில் ஒன்று, முடிக்கும்போது ஒன்று என டீச்சரையும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு மாணவன் படம் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐந்து மணி நேரம் இருக்க வேண்டும். மாதம் 20 நாளுக்கு 1,000 ரூபாய். கூடுதலாக வந்தால் நாளுக்கு 50 ரூபாய் கூடும், குறைந்தால் 50 குறையும். கேமரா இல்லாத மையங்களில் 42 சதவீத நாட்கள் டீச்சர் வரவில்லை; கேமரா உள்ள இடத்தில் 21. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது.

ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் மனிதர் செய்தது வேறு வேலை. அவர் பாயில் உட்கார்ந்தார். வராத பெண்ணின் வீட்டுக்கு ஆபாவோடு சேர்ந்து நடந்தார். உங்கள் பள்ளிக்கு மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் கடைசியாக எப்போது ஒரு பிள்ளையை வாசிக்கச் சொன்னார்கள்? புள்ளிவிவரப் படிவம் கேட்டு வந்ததைச் சொல்லவில்லை. பதில் எழுதுங்கள், பெயர் போடாமல் அப்படியே அச்சிடுகிறேன்.

படகிலேயே பள்ளிக்கூடம் நடப்பதாகப் படித்தேன். நிஜமா, கதையா?
- வாசகி, நாகப்பட்டினம்

நிஜம். அதே வங்கதேசம்தான், வடமேற்கில் சலன் பீல் என்ற பெரிய சதுப்பு நிலப் பகுதி. மழைக்காலத்தில் ஊரே தீவாகிவிடும். முகமது ரெஜ்வான் என்பவர் கட்டடக்கலை படித்தவர். கட்டினால் வெள்ளத்தில் போகும் என்று, கட்டடத்தை விட்டுப் படகைப் பிடித்தார். அவருடைய ‘சிதுலாய்’ நிறுவனத்தின் முதல் பள்ளிப் படகு 2002இல் ஓடியது. துறை துறையாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஓரிடத்தில் கட்டிப்போட்டுப் பாடம், முடிந்ததும் திரும்ப வீட்டுத் துறையில் இறக்கிவிடும். விளக்குக்குச் சூரிய மின்சாரம். பள்ளி வாகனமும் பள்ளியும் ஒன்றே! நான் நேரில் பார்த்ததில்லை. தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம்.

பள்ளி நடத்துவது அரசாங்கத்தின் கடமை. தொண்டு நிறுவனம் செய்யச் செய்ய அரசு கைகழுவிவிடாதா?
- வாசகர், மதுரை

கழுவும். பிராக்குக்கே பிற்பாடு வெளிநாட்டு உதவி குறைந்தபோது பள்ளிகளின் எண்ணிக்கையும் இறங்கியது. சில இடங்களில் பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் பள்ளிகளாக மாறின. 1990களின் தொடக்கத்தில் பெண் பிள்ளைகள் படிப்பது பிடிக்காதவர்கள் பிராக் பள்ளிகள் பலவற்றுக்குத் தீ வைத்திருந்தார்கள். அவற்றை மறுபடி கட்டி எழுப்பிய ஊர்க்காரர்களால்கூட நன்கொடை வற்றியதை நிறுத்த முடியவில்லை. அதனால் அரசு இடத்தில் தொண்டு நிறுவனம் உட்காரலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆபேத் 2019 டிசம்பரில் காலமாகிவிட்டார். அவரும் அப்படி நினைத்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. அவர்கள் சேர்த்தது அரசுப் பள்ளி விட்டுவிட்ட பிள்ளைகளை, அனுப்பியது திரும்ப வழக்கமான பள்ளிக்கு.

நன்கொடை கொடுத்தால் பெயர்ப்பலகை வைக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

வைக்கலாம். பிள்ளைகள் அதையாவது எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உங்களிடம் என்ன கேட்டார்கள்?
- ஏழாம் வகுப்பு மாணவி, தென்காசி

கண்ணு, இத்தனை பெரியவர்கள் எழுதினார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை பார்.

முதல் கேள்வி, உங்கள் ஊரில் நெல் எத்தனை தடவை விளையும் என்று. இரண்டு என்றேன். எங்களுக்கு மூன்று என்று விரலைக் காட்டினாள் ஒருத்தி: ஆவுஸ், ஆமன், போரோ. அப்புறம் உங்கள் எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள் என்றார்கள். நான் ‘அ’ போட்டேன். போட்டு முடிக்கவில்லை, எல்லோரும் “ஒ!” என்று கத்தினார்கள். அவர்களுடைய முதல் எழுத்தும் ஏறக்குறைய அதே வடிவம்; அதை அவர்கள் ‘ஒ’ என்பார்கள். இல்லை, இது ‘அ’ என்றேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. ஆபா சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார். சரி என்று பக்கத்தில் ‘ஆ’ எழுதினேன். கொஞ்ச நேரம் ஒரே அமைதி. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் எழுந்து வந்து, கீழே நான் போட்ட சுழியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆபாவிடம் ஏதோ சொன்னான். அவர் எனக்கு மொழிபெயர்த்தார்: “இதற்கு மட்டும் ஏன் வால் என்று கேட்கிறான்.”